தினமும் ஒரு பகுதி, தினமும் ஒரு கீழ்ப்படிதல்: விசுவாசத்தில் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்களே ஆனவர்கள் ஒரு பக்கம். பிறப்பிலேயே கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தும் இப்போதுதான் மெய்யாகவே ஆண்டவரைத் தேட ஆரம்பித்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான்: "தினமும் நான் என்ன செய்யணும்?" ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள் என்று ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறோம். எந்த நேரத்தில், எங்கிருந்து தொடங்கி, எவ்வளவு, வாசித்து முடித்த பிறகு என்ன என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது அபூர்வம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்ற எல்லாவற்றையும் விட ஒன்றை அழுத்திச் சொல்வேன். வாசித்ததில் ஒன்றையாவது அன்று சாயங்காலத்துக்குள் செய்யுங்கள். பத்து அதிகாரம் வாசித்துவிட்டு எதையும் செய்யாத நாளைவிட, பத்து வசனம் வாசித்து அதில் ஒன்றுக்குக் கீழ்ப்படிந்த நாளில்தான் விசுவாசம் வேர் பிடிக்கிறது.

தொடங்கும் முன்

இந்த ஒழுங்கையெல்லாம் கடைப்பிடித்தால்தான் தேவன் என்னை நேசிப்பார் என்ற எண்ணம் மனதில் இருந்தால், அதை முதலில் இறக்கி வையுங்கள். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1729இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய ஒரு சிறிய மாணவர் குழுவை அவர் நடத்தினார். புதன், வெள்ளி உபவாசம், சேர்ந்து வேத வாசிப்பு, சிறையில் இருப்பவர்களைச் சந்திப்பது என்று ஒரு நாளையும் விடாமல் ஒழுங்காக வாழ்ந்தார்கள். மற்ற மாணவர்கள் அவர்களைக் கேலி செய்த பெயர்தான் 'மெதடிஸ்ட்'. 1735இல் மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கும் போனார். ஆனாலும் தன் இரட்சிப்பைக் குறித்த நிச்சயம் அவருக்குள் இல்லை. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து தன் பாவத்தையும் நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது.

அதற்குப் பிறகு வெஸ்லி ஒழுங்கை விட்டுவிடவில்லை. சாகும்வரை அதிகாலையில் எழுந்து ஜெபித்தவர் அவர். ஆனால் இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல, இரட்சித்தவரோடு நடப்பதற்காக. நாமும் அந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறோம்.

படி 1: நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள்

"அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று இயேசுவைப் பற்றி மாற்கு 1:35 சொல்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடி, வியாதிக்காரர்களையெல்லாம் அவரிடம் கொண்டுவந்திருந்தார்கள். அவ்வளவு வேலைக்கு மறுநாள் விடியலில் அவர் எழுந்தார். முடிந்தவர்களுக்குக் காலைதான் நல்ல நேரம்.

ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும், ஐந்து மணிக்கு எழுந்து நாலு பேருக்குச் சோறு கட்ட வேண்டிய தாய்மார்களும் இதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை. ஈசாக்கு தியானம் பண்ணப் போனது சாயங்கால வேளையில். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறின பிறகு வரும் அரைமணி நேரமும் நல்ல நேரமே.

தொடக்கத்துக்கு இருபது நிமிடம் போதும். உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணி இரண்டாம் வாரம் விட்டுவிடாதீர்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். போனில் வேதம் வாசிப்பது தவறில்லை. ஆனால் அதே திரையில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்போது புதியவர்களுக்குத் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அச்சிட்ட வேதாகமம், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. இவ்வளவுதான் தேவை.

படி 2: மாற்கில் தொடங்குங்கள்

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். இயேசு என்ன செய்தார், என்ன சொன்னார் என்று நேரடியாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். முதல் அதிகாரத்தையே இப்படிப் பிரிக்கலாம்: 1 முதல் 13 வரை, 14 முதல் 20, 21 முதல் 34, 35 முதல் 39, 40 முதல் 45. இந்த வேகத்தில் மாற்கை முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகட்டும்.

நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதன் நடை பழகினவர்களுக்கு இனிமை, புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். புரியாத இடத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையோ வேறு எளிய தமிழ் வேதாகமத்தையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனப்பாடத்துக்கு மட்டும் உங்கள் சபை பயன்படுத்தும் மொழிபெயர்ப்பையே வைத்துக்கொண்டால், ஆராதனையில் வசனம் காதில் விழும்போது மனதில் ஒட்டும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சுவரில் ஒட்டுங்கள், நானும் ஒட்டுகிறேன். ஆனால் அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் ஒருதரமாவது வாசியுங்கள். பல வாக்குத்தத்தங்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கட்டளை நிற்கும். அட்டையில் அதற்கு இடம் இருப்பதில்லை.

படி 3: நோட்டில் மூன்று வரி

பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், ஒருமுறையாவது வாய்விட்டு. பிறகு மூன்று கேள்விகள்: இங்கே ஆண்டவர் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இங்கே இருக்கும் மனிதன் என்ன செய்தான்? இன்று நான் என்ன செய்ய வேண்டும்?

மாற்கு 1:40-45ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு குஷ்டரோகி வந்து, "உமக்குச் சித்தமானால்" என்று முழங்கால்படியிட்டுக் கேட்கிறான். இயேசு மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொடுகிறார். யாரும் தொடாத மனிதனை, சுகமாக்குவதற்கு முன்பே தொடுகிறார். முதல் கேள்விக்கு இதுவே பதில். இந்த ஒரு வரியில் அரைமணி நேரம் உட்காரலாம்.

சுகமானதும் இயேசு அவனுக்கு இரண்டு காரியம் சொன்னார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே. ஆசாரியனிடம் போய்க் காண்பித்து, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து. அவனோ புறப்பட்டுப்போய் எல்லாருக்கும் சொல்லிப் பரப்பினான். அதன் விளைவையும் மாற்கு எழுதியிருக்கிறார்: இயேசு அதற்குப் பிறகு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போகக்கூடாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. அந்த மனிதனுக்கு நன்றி இல்லாமல் இல்லை, சந்தோஷம் இல்லாமல் இல்லை. அவன் செய்தது பார்ப்பதற்குச் சாட்சி சொல்வது போலவே இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைக் கேட்கவில்லை. ஆண்டவர் மேல் ஆசை இருப்பதும் அவருக்குக் கீழ்ப்படிவதும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை என்பதை இந்த ஆறு வசனத்தில் கண்ணால் பார்க்கிறோம்.

அப்படியானால் மூன்றாவது வரியில் என்ன எழுதுவது? "நல்லவனாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள். அதைச் சாயங்காலம் சரிபார்க்க முடியாது. "என்னை நம்பி ஒருவர் சொன்ன குடும்ப விஷயத்தை இன்று யாரிடமும் பேச மாட்டேன்" என்று எழுதலாம். பெயர், நேரம், செயல் மூன்றும் தெரியும்படி எழுதுங்கள்.

படி 4: ஜெபம்

ஜெபத்துக்கென்று தனி பாஷை வேண்டாம். சபையில் மூத்தவர்கள் ஜெபிப்பதைக் கேட்டு, அப்படிப் பேச வரவில்லையே என்று பலர் வாயே திறப்பதில்லை. அப்பாவிடம் பேசுவதுபோலப் பேசுங்கள். வார்த்தை வராவிட்டால் பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அந்த வரியோடு உங்கள் காரியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். மனம் உடைந்திருக்கும் நாளில் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறான், நேராகவே கேட்கிறான். அப்படிக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியில் நோட்டில் எழுதின மூன்றாவது வரியைச் சொல்லி, அதைச் செய்யப் பெலன் கேளுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

படி 5: செய்யுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திருவசனத்தைக் கேட்கிறவர்களாக மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருக்கச் சொல்கிறது யாக்கோபு 1:22. கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறவன் தன்னையே வஞ்சிக்கிறான் என்றும் அங்கேயே இருக்கிறது.

ஒரு உதாரணம். மத்தேயு 5:23-24 வாசிக்கிறீர்கள்: உன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டு, முன்பு போய் அவனோடு ஒப்புரவாகு. சொத்துப் பிரிவினையில் அண்ணனிடம் வார்த்தையை விட்டு, இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்று வைத்துக்கொள்வோம். வசனத்தை வாசித்ததும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. அன்று மத்தியானத்துக்குள் போனை எடுங்கள். பேச வேண்டியது இவ்வளவுதான்:

"அண்ணே, நான்தான். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உங்கள அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க."

"நீங்களும்தான் பேசினீங்க" என்பது இதில் இல்லை. "சூழ்நிலை அப்படி" என்பதும் இல்லை. நிலம் யாருக்கு என்ற வழக்கு இன்னும் முடியாமல் இருக்கலாம். அது வேறு பேச்சு. அவர் போனை வைத்துவிட்டாலும் உங்கள் பங்கு கீழ்ப்படிதல் முடிந்தது. அடுத்த பண்டிகைக்கு ஒரு டப்பா பலகாரத்தோடு போய் வாசலில் நில்லுங்கள்.

எல்லா நாளும் இவ்வளவு பெரிதாக வராது. திருப்பித் தராத ஐந்நூறு ரூபாய், ஆபீசில் எழுதின கூடுதல் பயணப்படி, உண்மையா என்று பார்க்காமல் அனுப்பின ஃபார்வர்ட், படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியை எட்டிப் பார்ப்பது. கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவன் என்று லூக்கா 16:10இல் ஆண்டவர் சொன்னது இதற்குத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். மனதில் தோன்றுவதெல்லாம் தேவ சத்தம் அல்ல. வேலையை விடு, இருக்கும் பணத்தையெல்லாம் அனுப்பு என்பது போன்ற பெரிய எண்ணம் வந்தால், வேதத்தோடு ஒப்பிட்டு, முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, பொறுத்திருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப்பார்த்தார்கள். அடுத்தது, மன்னிப்பது என்பது அடி வாங்கிக்கொண்டே இருப்பது அல்ல. வீட்டில் வன்முறை இருந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், காவல்துறை உதவி கேட்பதும் கீழ்ப்படியாமை ஆகாது. "சகித்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களுக்கு நான் உடன்படுவதில்லை.

படி 6: இரவில் ஐந்து நிமிடம்

நோட்டைத் திறந்து காலை எழுதினதைப் பாருங்கள். செய்திருந்தால் நன்றி சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் 1 யோவான் 1:9ஐப் பிடித்துக்கொண்டு அறிக்கையிட்டு, அதே வரியை நாளைக்கும் எழுதுங்கள். புது வசனத்துக்கு ஓட வேண்டாம். ஒரே வரி ஒரு வாரம் முழுக்க நோட்டில் நின்றால், ஆண்டவர் அந்த இடத்தில்தான் உங்களோடு வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாட்கள் விட்டுப்போனால்

விடும். காய்ச்சல் வரும், ஊருக்குப் போவீர்கள், மனமே இல்லாமல் போகும். விட்ட பகுதிகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்; அது வாசிப்பைக் கடனாக்கிவிடும். எங்கே விட்டீர்களோ அங்கேயே உட்காருங்கள். கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று புலம்பல் 3:23 சொல்வது, எருசலேம் இடிந்து கிடந்த நேரத்தில் எழுதப்பட்டது.

உபவாசம் பற்றிப் பலர் கேட்பார்கள். வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு ஜெபிப்பதில் தொடங்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

படி 7: ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்

ஞாயிறு ஆராதனையும் திருவிருந்தும் இதற்கு வெளியே இருப்பவை அல்ல. அதோடு, சபையில் நம்பகமான ஒருவரிடம், ஆண்கள் ஆணிடமும் பெண்கள் பெண்ணிடமும், உங்கள் மூன்றாவது வரியை வாரம் ஒருமுறை சொல்லுங்கள். "அண்ணனுக்குப் போன் பண்ணினீங்களா தம்பி?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போன் போகும். நீங்கள் சொன்னதை வேறு யாரிடமும் கொண்டுபோகாதவராக அவர் இருக்க வேண்டும். பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மாற்கு முடிந்ததும் யாக்கோபு நிருபத்துக்குப் போங்கள். ஐந்தே அதிகாரம், ஆனால் பத்தி பத்தியாகச் செய்ய வேண்டியவை இருக்கும். ஒரு மாதமாவது தங்குங்கள். அதன் பிறகு ஆதியாகமத்தைத் தொடங்கலாம், காலையில் ஒரு சங்கீதத்தோடு. நோட்டு முறையை மட்டும் மாற்ற வேண்டாம்.