முதல் பலகைக்கு மூன்று பத்திகள் போதும்

திட்ட மேலாண்மை மென்பொருளை முதன்முறை திறக்கும்போது, அது தரும் ஆயத்த வார்ப்புருக்களை ஒதுக்கிவிட்டு, ‘செய்ய வேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்ற 3 பத்திகளை (மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசைகளை) மட்டும் அதன் பலகைத் திரையில் அமைத்து, ‘நடப்பவை’ பத்தியில் ஒருவர் பெயரில் 3 அட்டைகளுக்கு (ஒரு வேலைக்கு ஒரு அட்டை) மேல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவில் பொறியாளர் டாயிச்சி ஓனோ உருவாக்கிய, வேலையை அட்டைகளால் கண்காணிக்கும் கான்பான் முறையிலிருந்து வந்த உத்தி இது: கையிலிருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தால், எது எங்கே தேங்கி நிற்கிறது என்பது உடனே கண்ணில் படும். அட்டையில் ‘இணையதளம்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘முகப்புப் பக்கத்துக்கு 4 படங்களைத் தேர்ந்தெடுத்தல்’ என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால், பத்திகளைவிட இதுவே முக்கியம், ஏனெனில் வேலை முடிந்ததா இல்லையா என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். அடித்தளம் முடிந்த பிறகே சுவர் என்பதுபோல ஒன்றையொன்று சார்ந்த, தேதி தவறக்கூடாத வேலைகளுக்கு இந்தப் பலகை போதாது. அவற்றுக்கு, ஒவ்வொரு வேலையையும் தேதி வரிசையில் ஒரு பட்டையாகக் காட்டும் கேன்ட் விளக்கப்படமே பொருந்தும்.