முர்ரா பொலிகிடா வேண்டுமா? கன்றிலிருந்தே தொடங்குங்கள்

எருமை கிடாக்கன்று ஈன்றால் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பாலைக் கறந்து முடித்த பிறகு காம்பில் ஒட்டியிருக்கும் நாலு மடக்குதான் அதன் பங்கு. மூன்று வருஷம் கழித்து அதே ஆட்கள் நல்ல கிடா தேடி ஊர் ஊராக அலைகிறோம். வீட்டிலேயே ஒரு பொலிகிடாவை, அதாவது இனச்சேர்க்கைக்கான எருமைக்கிடாவை, வளர்த்தெடுக்க என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தாயின் பால் நோட்டு

கிடாவுக்கு மடி கிடையாது. அது என்ன பால் வழியைக் கொண்டுவருகிறது என்று தாயையும் அக்கா தங்கைகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். முர்ரா, ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜிந்த் பக்கத்து இனம். நம் ஊரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சினை ஊசி வழியாகத் தரம் உயர்த்திய எருமைகள், அதனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் நிறைய. ஒரு நாள் கறவையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதம் ஒரு நாளாவது இரண்டு வேளையும் அளந்து எழுதிய கணக்கு, கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா, ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் எத்தனை மாத இடைவெளி என்று மூன்றையும் கேளுங்கள். சினை ஊசி போட்டிருந்தால் விந்துக் குச்சியில் அச்சடித்திருக்கும் கிடா எண்ணையும் குறித்து வையுங்கள்.

சுருண்ட கொம்பு, கருகரு தோல் எல்லாம் இனத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். நாங்கள் ஒருமுறை கொம்பழகைப் பார்த்து ஒரு கிடாவை வாங்கிவிட்டோம். சேர்த்த எருமைகள் எல்லாம் மூன்று வாரத்தில் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. ஐந்து மாதம் போன பிறகுதான் மருத்துவர் கை வைத்துப் பார்த்து, ஒரு விரை சூம்பிக் கல்லாக இருக்கிறது என்றார். அந்த ஐந்து மாதப் பால் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை.

படி 2: முதல் வருஷம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். எருமைக்கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்துவிடும், ஆகவே பத்தாம் நாள் வாக்கில் குடற்புழு மருந்து. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிடேரிக்கன்றுக்குப் போடும் புருசெல்லா (கருச்சிதைவு நோய்) தடுப்பூசியைக் கிடாக்கன்றுக்குப் போடவே கூடாது.

முதல் வருஷம் பட்டினியில் வாடிய கன்றுக்குப் பருவமும் தள்ளிப் போகும். அப்புறம் எவ்வளவு தீவனம் கொட்டினாலும் அந்த நாள்களை ஈடுகட்டுவது கடினம். அதற்காகக் கொழுக்கவும் விடாதீர்கள். விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் விரைகள் குளிராது. உடம்பைவிட சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும்.

எடைக்குத் தராசு வேண்டாம். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 62, நீளம் 50 என்றால் சுமார் 291 கிலோ.

படி 3: ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு வயதுகூட ஆகாத கன்று மற்ற கன்றுகள் மேல் ஏறும். அது விளையாட்டு. அந்த வயதில் ஆண்குறி உறையோடு ஒட்டியிருக்கும், முழுசாக வெளியே வராது. எருமைக்கிடா மாட்டுக்காளையைவிடத் தாமதமாகத்தான் பருவமடையும். நன்றாக வளர்ந்ததற்கே இரண்டு முதல் இரண்டரை வருஷம் ஆகும், எடையும் 300 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். அவசரப்பட்டு இனச்சேர்க்கையில் இறக்காதீர்கள்.

படி 4: கை வைத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. கன்றிலிருந்தே தடவிக் கொடுத்துப் பழக்குங்கள். வளர்ந்த கிடாவை இரண்டு பக்கமும் கட்டை கட்டிய ஒடுக்கமான இடத்தில் நிறுத்தி, மூக்கணாங்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகே பின்னால் போங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் பார்ப்பது நல்லது.

விதைப்பையின் கழுத்தை ஒரு கையால் மெதுவாகச் சுற்றிப் பிடித்து விரைகளைக் கீழே இறக்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், பைக்குள் வழுக்கி நகர வேண்டும். அழுத்தினால் நல்ல ரப்பர் பந்து போல எதிர்த்து வர வேண்டும். கல்லாக இருந்தாலும் சரி, பஞ்சாக அமுங்கினாலும் சரி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடிநுனியில் விரைமேல் சுருளின் (விந்தணு சேரும் குழாய்ச் சுருள்) வால் சின்ன முண்டு போலத் தட்டுப்படும், அது இயல்பானது, கட்டி என்று பயப்பட வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் ஒரு விரை இறங்காத கன்றை அன்றே கழித்துவிடுங்கள். அந்தக் குறை வாரிசுக்கும் போகக்கூடியது.

பிறகு தையல்காரர் நாடாவால் பையின் அகன்ற இடத்தில் சுற்றளவு எடுங்கள். வளர்ந்த முர்ரா கிடாவுக்கு 30 செ.மீ. அளவில் இருக்கும். ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டுக்காளையில் 40 செ.மீ. பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிறுத்துத் தெரியும். எருமைக்கு அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒரே வயதுக் கிடாக்களில் எதற்கு வேகமாகக் கூடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பரிசோதனையும் வேலையும்

புருசெல்லா, காசநோய், ஜோன்ஸ் நோய் (நாள்பட்ட கழிச்சல் நோய்) மூன்றுக்கும் பரிசோதனை முடியாமல் ஒரு எருமையோடும் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை போதும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, சித்திரை வைகாசியில் நிழலும் குளத்துத் தண்ணீரும் கட்டாயம். கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட கிடாவின் விந்து தேற இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குள் கிடா கெட்டுப்போச்சு என்று விற்றுவிடாதீர்கள்.

படி 6: மாற்றும் தேதி

சினைக்காலம் பத்து மாதத்துக்குச் சற்று மேல். பிறக்கிற கிடேரி பருவத்துக்கு வர இன்னும் இரண்டரை வருஷம். ஆக, மூன்று வயதில் வேலை தொடங்கிய கிடாவின் முதல் மகள், அந்தக் கிடாவுக்கு ஆறு வயது தாண்டும்போது அதே தொழுவத்தில் பருவத்துக்கு வந்து நிற்கும். முதல் எருமையைச் சேர்த்த அன்றே நோட்டைத் திறந்து, மூன்று வருஷம் தள்ளி வரும் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்பனே மகளோடு சேராமல் இருக்க, அதற்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பண்ணையோடு கிடாவை மாற்றிக்கொள்ள வேண்டும்.