ஹவானாவில் சுருட்டு: வாங்குவதும் பிடிப்பதும்

கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கு வருகிற பயணிகளில் பலருக்குச் சுருட்டு என்பது பெட்டியோடு வாங்கி ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்கு. அதனாலேயே அவர்கள் இந்த நகரத்தில் கழிக்கும் சில நாட்களில் பெரும்பகுதியைக் கடை தேடுவதிலும் விலை விசாரிப்பதிலும் ஏமாறுவதிலும் தொலைத்துவிடுகிறார்கள். இங்கே சுருட்டை அனுபவிக்கும் வழி வேறு. முறையான கடையில் ஒன்றோ இரண்டோ உதிரியாக வாங்குங்கள். வாங்கிய இடத்திலோ அதற்கு அருகிலோ நிழலில் அமர்ந்து, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் அதற்குக் கொடுங்கள். ஊருக்கு எடுத்துப்போவதைப் பற்றிய யோசனை கடைசி நாளுக்குப் போதும்.

சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காமல் விட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. இதுவரை பழகாதவர் ஹவானாவுக்கு வந்துவிட்டோம் என்பதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. பின்வருவன ஏற்கனவே எப்போதாவது சுருட்டுப் பிடிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை.

ஹவானாவில் மலிவாகக் கிடைக்கும் என்ற பழைய கணக்கையும் மறந்துவிடுவது நல்லது. கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் கோஹிபா, திரினிதாத் என்ற இரண்டு உயர்தரச் சுருட்டு வகைகளின் விலையையும் எல்லா நாடுகளிலும் ஹாங்காங் விலைக்கு இணையாக உயர்த்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் இயன் புயல் புகையிலை விளையும் பினார் தெல் ரியோ மாகாணத்தைத் தாக்கி, இலை உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. மரத்தாலும் பனையோலையாலும் ஆன அந்தக் கொட்டகைகள் இல்லாமல், வயலில் எவ்வளவு விளைந்தாலும் அது சுருட்டாகாது. ஆகவே கடைகளில் தட்டுகள் பாதி காலியாக இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். குறிப்பிட்ட ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, அன்றைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டு அதில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதே இங்கே பழகியவர்களின் வழக்கம்.

தெருவில் வாங்கக் கூடாது

பழைய ஹவானாவின் ஒபிஸ்போ தெருவில் நடந்தால், நூறு அடிக்குள் யாராவது ஒருவர் நட்போடு பேச்சுக் கொடுப்பார். தன் உறவினர் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், தொழிலாளர்களுக்குக் கூலியோடு சேர்த்துச் சுருட்டும் கொடுக்கிறார்கள் என்றும், இன்று ஒரு நாள் மட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் பாதி விலை என்றும் சொல்வார். வறுமையில் இருக்கும் நகரத்தில் பிழைப்புக்காகச் சொல்லப்படும் பேச்சு இது, கோபப்படத் தேவையில்லை. ஆனால் வாங்கவும் கூடாது. அவர் காட்டும் பெட்டியில் இருப்பது துண்டும் துணுக்குமான இலையைச் சுருட்டி, அச்சடித்த பெயர்ப் பட்டையை ஒட்டிய போலிச் சரக்கு. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியைக் காட்டினால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டியதில்லை. கோஹிபா அப்படிப்பட்ட பெட்டியில் வந்ததே கிடையாது.

உண்மையான பெட்டியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் போலியைப் பிரித்தறிவது எளிது. பெட்டியின் இடப்புற மேல்பகுதியில் பச்சையும் வெள்ளையுமான அரசு உத்தரவாதச் சீட்டு மடித்து ஒட்டப்பட்டிருக்கும். அதில் மின்னும் முத்திரையும் பட்டைக்குறியீடும் உண்டு. அடிப்பக்கத்தில் கியூபாவில் செய்யப்பட்டது, முழுவதும் கையால் செய்யப்பட்டது என்ற வாசகங்கள் ஸ்பானிய மொழியில் மரத்திலேயே சூட்டு முத்திரையாகப் பதிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் மையால் குத்திய சில எழுத்துகள் எந்தத் தொழிற்சாலை என்பதையும், அவற்றோடு உள்ள மாதமும் ஆண்டும் எப்போது பெட்டியில் அடைக்கப்பட்டது என்பதையும் சொல்லும். மூடியைத் திறந்ததும் பட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். சுருட்டுகள் இடமிருந்து வலமாக, கருமை கூடியதில் தொடங்கி வெளுத்தது வரை, கண்ணுக்கு மெல்லத்தான் தெரிகிற அளவில் நிறம் மாறிக்கொண்டு போகும். நிறம் பிரிப்பதற்கென்றே தொழிற்சாலையில் தனி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போலி செய்பவர்கள் முத்திரையைத் திருத்தமாகச் செய்துவிடுகிறார்கள்; இந்த நிற வரிசைக்குத்தான் அவர்களிடம் பொறுமை இருப்பதில்லை.

எங்கே வாங்குவது

லா காசா தெல் ஹபானோ என்ற பெயர்ப்பலகை தாங்கிய கடைகளே நம்பத் தக்கவை. என் முதல் பரிந்துரை, பழைய ஹவானாவில் மெர்கதேரெஸ் தெருவும் லம்பாரிய்யா தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள கோந்தே தெ வில்யானுவேவா விடுதியின் கடை. கியூபாவில் 1837ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியதற்குப் பெருங்காரணமாக இருந்த பிரபுவின் வீடு இது. உள்முற்றமும் மரங்களும் சுற்றி வரத் தாழ்வாரமும் கொண்ட இந்தக் கட்டடம், நம் ஊர்ப் பெரிய முற்ற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். கடை சிறியதுதான், ஆனால் அவசரப்படுத்த மாட்டார்கள். இரண்டாவது, மிராமார் பகுதியில் ஐந்தாம் நிழற்சாலையும் பதினாறாம் தெருவும் சேரும் இடத்தில் இருக்கும் கடை. பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத பகுதியில் இருப்பதால், உள்ளூரில் வசிக்கும் சுவைஞர்கள் அங்கேதான் கூடுகிறார்கள்.

கப்பித்தோலியோ கட்டடத்தின் பின்புறம் 1845 என்று நெற்றியில் பொறித்த பழைய பார்த்தகாஸ் தொழிற்சாலையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அங்கே இப்போது சுருட்டுச் சுற்றுவதில்லை; அந்த வேலை எப்போதோ வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. தொழிற்சாலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய விடுதிகளின் சுற்றுலாப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் திரும்பத்தான் நேரும். வரிசையாக மேசைகளில் அமர்ந்து தொழிலாளர்கள் இலை சுற்ற, மேடையில் ஒருவர் செய்தித்தாளையும் கதைகளையும் அவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டும் வழக்கம் 1865ஆம் ஆண்டிலிருந்து இந்த நகரத்தில் இருந்துவருகிறது. அதைக் கேட்பதற்காகவாவது ஒருமுறை போகலாம்.

பணம் செலுத்துவதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கடைகளில் பெரும்பாலும் வங்கி அட்டையைத்தான் கேட்பார்கள். அமெரிக்க வங்கி அட்டை எதுவும் கியூபாவில் செல்லாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

புகழ்பெற்ற பெயரைவிட அளவே முக்கியம். சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள்; 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் விட்டம். ரொபுஸ்தோ என்பது 50 பருமனும் 124 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பார்த்தகாஸ் செரீ டி நம்பர் 4 அந்த வகை. ஒரு மணி நேரம் தாராளமாக வரும், ஆனால் காரம் மிகுந்தது. வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும். வெயிலில் நடந்து களைத்தவர்களுக்கு 42 பருமனும் 129 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மோன்டெகிரிஸ்டோ நம்பர் 4 பொருத்தமாக இருக்கும். அரை மணிதான் இருக்கிறது என்றால் எச். உப்மன் ஹாஃப் கொரோனா போதும், அது 90 மில்லிமீட்டர்தான். மென்மையான சுவை வேண்டுவோர் ஓயோ டி மான்டெர்ரே வகைகளில் எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்கும்போது விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீராக, சற்றே நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். நடுவில் கல் போல ஓர் இடம் தென்பட்டால் அதில் புகை வராது. சரசரவென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் விரும்பிச் சொல்வது, சில கடைகளில் அங்கேயே அமர்ந்து சுற்றும் கைவினைஞரின் சுருட்டை. பட்டை கிடையாது, பெட்டி கிடையாது, விலையும் குறைவு. உள்ளே வைக்கும் இலைகளை அவர் விசிறி மடிப்பாக மடித்து, புகை போகும் வழியை விரலாலேயே உணர்ந்து விட்டுவைத்து, அதைக் கட்டும் இலையால் இறுக்கி, பிறகு கண்ணாடித் தாள் போன்ற மேல் இலையைப் பிறை வடிவக் கத்தியால் வெட்டிச் சுற்றி முடிப்பார். உள்ளிலைகளில் செடியின் அடிப்பகுதி இலை நன்றாக எரியும், நடுப்பகுதி இலை மணம் தரும், உச்சி இலை காரம் தரும். மென்மையாக வேண்டும் என்று சொன்னால் உச்சி இலையைக் குறைத்துச் சுற்றித் தருவார். புதிதாகச் சுற்றியதில் ஈரம் இருக்கும். ஆகவே அதை அன்றோ மறுநாளோ பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் சில மாதங்கள் வைத்திருந்து பிடிக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் அது அம்மோனியா போல நெடியடிக்கும்.

எப்படிப் பிடிப்பது, எங்கே அமர்வது

உறையூர்ச் சுருட்டுப் பிடித்துப் பழகியவருக்கு அதன் இரண்டு முனைகளும் திறந்தே இருப்பது தெரியும். ஹவானாச் சுருட்டின் வாய் முனை இலைத் தொப்பியால் மூடப்பட்டிருக்கும். அந்தத் தொப்பியின் வளைவு முடிகிற இடத்துக்கு மேலே, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கூரான வெட்டியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கூடுதலாக வெட்டினால் மேல் இலை அவிழ்ந்துவிடும். பெட்ரோல் லைட்டரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் நாற்றம் முதல் பத்து நிமிடச் சுவையையும் கெடுத்துவிடும். தீக்குச்சியோ கேஸ் லைட்டரோ சிறந்தது. சுடரைச் சுருட்டில் படவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, முனை முழுவதும் சாம்பல் பூக்கும் வரை சுழற்றிச் சூடேற்றிய பிறகே வாயில் வைக்க வேண்டும்.

நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் போதும். அடிக்கடி இழுத்தால் இலை சூடேறிக் கசந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கோடாச் சுருட்டின் இனிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் ஹவானாச் சுருட்டில் இலையைத் தவிர வேறு சுவை எதுவும் சேர்ப்பதில்லை. முதல் மூன்றிலொரு பங்கு வைக்கோல், இரண்டாவது தெய்விகம், மூன்றாவது சாணம் என்று பிரெஞ்சு மொழியில் ஒரு பேச்சு உண்டு. அந்த மூன்றாவது பகுதி கசக்கத் தொடங்கியதும் தயங்காமல் கீழே வைத்துவிடுங்கள். நசுக்கி அணைக்கக் கூடாது. சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணைந்துவிடும், நாற்றமும் கிளம்பாது.

கூடக் குடிப்பதற்கு வயதேறிய ரம் என்பார்கள். பகல் வேளையில் எனக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட கியூபக் காபியே உகந்ததாகப் படுகிறது. தலை லேசாகச் சுற்றினால் குவாராப்போ என்று அங்கே சொல்லும் கரும்புச் சாறு ஒரு குவளை குடிக்க, சிறிது நேரத்தில் தெளிந்துவிடும்.

மலேக்கோன் கடற்கரைச் சுவரில் அமர்ந்து சுருட்டுப் பிடிப்பது படத்துக்கு அழகாக இருக்கும். உண்மையில் கடற்காற்று ஒரு பக்கத்தை மட்டும் வேகமாக எரித்து, சுருட்டைக் கால் மணி நேரத்தில் பாழாக்கிவிடும். அதே கடலைப் பார்த்தபடி, சற்று மேட்டில், 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹோட்டல் நசியோனாலின் தோட்டத் தாழ்வாரத்தில் அமருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே நிழலும் இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். மூடிய பொது இடங்களில் புகைக்க 2005ஆம் ஆண்டிலிருந்து தடை உண்டு என்பதால், எங்கே அமர்ந்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது மரியாதை.

வின்யாலெஸ் போகிறவர்களுக்கு

ஹவானாவிலிருந்து மேற்கே 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வின்யாலெஸ் பள்ளத்தாக்கில் விவசாயிகள் விளைச்சலின் பெரும்பகுதியை அரசுக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் பங்கைத் தாங்களே சுற்றி விற்கிறார்கள். அது நேர்மையான சரக்கு, தயங்காமல் வாங்கலாம். நடுநரம்பை எடுத்துவிடுவதால் நிகோடின் முழுவதும் போய்விடுகிறது என்று அங்கே சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல சுருட்டு எதிலுமே அந்த நரம்பை எடுக்கத்தான் செய்கிறார்கள். நிகோடின் இலையெங்கும் இருக்கிறது. முனையைத் தேனில் தோய்த்துத் தருவார்கள். ஒன்றையாவது தேன் இல்லாமல் கேட்டு வாங்குங்கள், இலையின் சுவை அப்போதுதான் தெரியும்.

ஊருக்குக் கொண்டுபோவது

கியூபச் சுங்கத்தில் உதிரிச் சுருட்டு 20 வரை ரசீது இல்லாமல் விடுவார்கள். விவசாயியிடம் வாங்கியதும் இந்தக் கணக்கில்தான் சேரும். முத்திரை உடையாத பெட்டியாக இருந்தால் 50 வரை அனுமதி உண்டு, அதற்கு மேல் கடை ரசீது கட்டாயம். எத்தனை வாங்கினாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. இந்தியாவுக்குள் தீர்வையின்றி 25 சுருட்டுகள் கொண்டுவரலாம். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க: 2020 செப்டம்பரில் வந்த விதிப்படி, கியூபச் சுருட்டு ஒன்றைக்கூடப் பயணப்பையில் கொண்டுபோக இயலாது.

விமானத்தில் கைப்பையில், காற்றுப் புகாத உறையில், ஈரப்பதம் காக்கும் சிறு பொதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை வெயிலுக்கு இன்னொரு காரியமும் தேவைப்படுகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாமல் புகையிலை வண்டின் முட்டை இருக்கக்கூடும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் அது பொரிந்து சுருட்டையே துளைத்துவிடும். பண்ணைச் சுருட்டுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிரிக்காமல் மூன்று நாள் உறைபெட்டியிலும், ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலும் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்கு முழுவதும் வந்த பின்பே உறையைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் இலை வெடித்துவிடும்.