ஆம்பூர் பிரியாணியும் 14 வளைவும்: பிள்ளைகளோடு காரில் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஏலகிரி 230 கிலோமீட்டர் சொச்சம். மேப் நாலரை மணி நேரம் என்றது, எங்களுக்கு எட்டு மணி நேரம் ஆனது. போன மே மாதம், ஆறு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், மனைவி, என் அம்மா, நான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, பஞ்சர்கூட ஆகவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்று நடந்த கூத்தெல்லாம் மூலக்கடையைத் தாண்டுவதற்கு முன்பே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்து வைத்ததுதான்.

முதல் தப்பு, விடியற்காலை மூன்று மணி. நம்ம ஏரியாவில் யார் வெளியூர் கிளம்பினாலும் இதே பேச்சுதான்: பிள்ளைகளை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடலாம், வண்டியிலேயே தூங்கிவிடும். பிள்ளைகள் தூங்கும், சரி, ஓட்டுகிறவன்? பன்னிரண்டு மணி வரை பை கட்டிவிட்டு இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தவன் அவன். ராத்திரி இரண்டிலிருந்து காலை ஆறு வரைதான் உடம்பு தூக்கத்துக்கு ரொம்பவும் ஏங்கும் நேரம், டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். போதாக்குறைக்கு வடசென்னையில் அந்த நேரம் சாலை காலியாக இருக்கும் என்பதும் பாதிப் பொய், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதே அப்போதுதான். நாங்கள் மூன்று மணிக்குத் திட்டம் போட்டு, எழுப்பிய குழந்தை அழுது, சமாதானப்படுத்தி, பால் காய்ச்சி, கிளம்பும்போது மணி ஐந்து. முழு ராத்திரியும் தூங்கியிருந்தாலும் அதே ஐந்து மணிக்குத்தான் கிளம்பியிருப்போம்.

அடுத்தது யார் எங்கே உட்காருவது. அம்மா முன்சீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "நான் பிடிச்சிக்கிறேன்டா, எங்க போயிடப் போறா?" என்றார். பார்ப்பதற்குப் பாசமாக இருக்கும், ஆனால் இதைவிட ஆபத்தான இடம் காரில் கிடையாது. திடீரென்று பிரேக் அடித்தால் பாட்டியின் உடம்பு முழுவதும் முன்னால் வந்து, பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவில் குழந்தையை நசுக்கும். ஏர்பேக் வெடித்தால் அது நேராகக் குழந்தையின் தலையில்தான் வந்து மோதும், அது விரிகிற வேகம் அப்படி. பெல்ட் இல்லாமல் கையால் பிடிப்பதோ சுத்தமாக நடக்காத காரியம், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நின்றால் பத்து கிலோ குழந்தையைப் பயில்வானாலும் பிடிக்க முடியாது.

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தமே வந்துவிட்டது, ஆனால் அதற்காக யாரும் சீட் வாங்குவதாகத் தெரியவில்லை. நானே அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் வாங்கினேன். கைக்குழந்தை என்றால் குறைந்தது இரண்டு வயது வரைக்கும் பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் சீட், பிறகு முன்பக்கம் பார்த்தது, அதற்கப்புறம் பெல்ட் கழுத்தில் அறுக்காமல் தோளில் விழுகிற உயரம் வரும்வரை, அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் அடி வரை, பூஸ்டர். எல்லாமே பின்சீட்டில்தான். முதல் ஒரு மணி நேரம் கத்துவார்கள், அப்புறம் பழகிவிடும். ஐந்து பேர் வண்டியில் "அத்தையும் வரட்டுமே, சின்னவங்க மடியில உட்காந்துக்குவாங்க" என்று ஏழு பேரை ஏற்றுவதும் இதே கதைதான், அத்தையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அங்கே போய் அழைத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது ஆம்பூருக்கு வருவோம். மணி பதினொன்று, பையன் பசி என்கிறான், ஆம்பூரில் நின்றுவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் போனால் ஊரில் கேவலமாகப் பேசுவார்கள். நன்றாகச் சாப்பிட்டோம். கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி, பையனுக்கு மேலே ஒரு குளிர்பானம். வாணியம்பாடி தாண்டி அடிவாரத்தில் பொன்னேரி என்று பலகையைப் பார்த்ததும் (சென்னைக்கு வடக்கே எங்கள் பக்கமும் ஒரு பொன்னேரி உண்டு) அம்மா, "என்னடா, திரும்ப நம்ம பொன்னேரிக்கே வந்துட்டியா?" என்று சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு. அங்கிருந்து மலைக்குப் 14 கொண்டை ஊசி வளைவுகள். பையன் பின்சீட்டில், சின்னவள் முன்னால் பாட்டி மடியில், இரண்டு பேரும் குனிந்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சத்தமில்லாமல் இருக்கிறார்களே என்று நாங்களும் விட்டுவிட்டோம். நான்காவது வளைவில் பையன், "அப்பா, வாய்ல தண்ணி ஊறுது" என்றான். ஐந்தாவது வளைவில் பிரியாணி முழுவதும் சீட் கவரில். அந்த வாசனைக்கே சின்னவளும் வாந்தி எடுத்தாள்.

காரணம் இதுதான். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி திரும்புகிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது, போனைப் பார்க்கிற கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டுக்கும் ஒத்துவராமல்தான் குமட்டல். இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம், அதாவது சுற்றுலா போகிற வயது. மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பாக இட்லி, பிஸ்கட், வாழைப்பழம் மாதிரி லேசாக ஏதாவது போதும், வயிற்றை முழுக்கக் காயப்போடவும் கூடாது. போனைப் பிடுங்கிவிட்டுத் தூரத்து மலையைக் காட்டுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், டேஷ்போர்டில் இருக்கும் வாசனை பாட்டிலை முந்தின நாளே எடுத்து வீட்டில் வையுங்கள். டயருக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தில் ஒன்றைக் காருக்குள் வைத்துக்கொண்டால் முகர்ந்து பார்க்கவாவது உதவும். பெரியவர்கள் போடும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த வகையில் சில மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதவை. கிளம்பும் முன் குழந்தை டாக்டரிடம் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாந்திக்குப் பிறகு கொடுக்கிற ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டையும் டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கக்கூடாது. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ, பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், அதில் முழுவதையும் கொட்டிக் கலக்க வேண்டும்.

மாற்று உடை எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? டிக்கியில், அடியில் இருந்த பெரிய பையில், அதன் மேல் நான்கு பைகள். வளைவில் வண்டியை ஓரங்கட்டி, குரங்குகள் வேடிக்கை பார்க்க, எல்லாவற்றையும் இறக்கினேன். பிள்ளைக்கு ஒரு செட் துணி, ஒரு துண்டு, நான்கைந்து கவர், ஈரத் துடைப்பான், இதெல்லாம் காலடியில் இருக்க வேண்டிய பொருள்.

இன்னொன்று, "ஐந்து நிமிஷம்தானே" என்று தூங்குகிற குழந்தையைக் கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும், குழந்தை உடம்பு நம்மைவிட வேகமாகக் கொதிக்கும். தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏலகிரி இல்லாமல் ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிறது, வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும். அழுகிற குழந்தையோடு சோதனைச் சாவடியில் நின்று போனில் விவரம் தட்டுவது பெரிய கொடுமை. ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டோலில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

திரும்பி வருவதையும் போகும்போதே யோசித்து வைக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஊரே சென்னைக்குள் நுழையும். பெங்களூர் சாலையில் வந்தால் மதுரவாயலில் பைபாஸ் பிடித்துப் புழலுக்கு வந்துவிடலாம், கோயம்பேட்டுக்குள் போகவே வேண்டாம். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது, ஆனால் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளைப் பாத்ரூம் போகவைத்துவிடுங்கள்.

நாங்கள் ஞாயிறு காலையிலேயே கிளம்பிவிட்டோம். வெறும் இட்லியோடு 14 வளைவும் இறங்கி, பழைய ஆம்பூருக்கே வந்து பிரியாணி சாப்பிட்டோம். பையன் இரண்டு பீஸ் கூடக் கேட்டான், கொடுத்தோம். இனி வீடு வரைக்கும் நேர்ரோடுதான்.