முதல் தூண்டில்: லுங்கியில் மாட்டாமல் ஆற்றில் மீன் பிடிப்பது எப்படி

போன மாசியில் நானும் நண்பனும் திருவையாற்றுப் பக்கம் காவிரியில் தூண்டில் போடப் போனோம். அவனுக்கு அதுதான் முதல் தடவை. காலை ஆறரை மணிக்கு அவன் வீசிய முதல் வீச்சிலேயே மாட்டியது அவனுடைய லுங்கிதான். பின்பக்கம் முள் கோத்தது தெரியாமல், "மாப்ள, பெருசுடா!" என்று கத்திக்கொண்டே இழுத்தான். இழுக்க இழுக்க லுங்கி மேலே ஏறியது. அன்றைக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை, அவன் செய்த தப்புகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது புரியும்.

எப்போது, எங்கே

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே ஆகும். ஆறு நிறைந்து ஓடும்போது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. நரம்பில் கட்டி மிதக்கவிடும் தக்கை ஓரிடத்தில் நிற்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு வீடு தள்ளிப் போய்விடும். அணை மூடிச் சில வாரங்களில் ஓட்டம் அடங்கும். வளைவுகளிலும் பாலத்தூண்களின் அடியிலும் மடு மடுவாகத் தண்ணீர் தேங்கும். மீனும் அங்கேதான் ஒதுங்கும். மாசி மாதத்தை நான் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

இடுப்பளவு ஆழம், மெதுவான ஓட்டம், ஓரத்தில் கோரைப்புல்லோ சாய்ந்த மரமோ இருக்கிற இடமாகப் பாருங்கள். கோயில் படித்துறைகளை விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது ஜனங்கள் பொரி போட்டுப் பார்க்கிற மீன். குளிக்க வருகிறவர் காலில் முள் ஏறினால் அது வேறு வம்பு. ஏரி, குளம் என்றால் பெரும்பாலும் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும். ஆறானாலும் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

இன்னொன்று, தண்ணீரில் இறங்கவே வேண்டாம். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு ஓர் அடி எடுத்து வைத்தால் ஆளையே முழுங்கிவிடும். மழைக்காலத்தில் கொள்ளிடம் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் குடகு மலையில் பெய்த மழை மேட்டூரை நிரப்பி, முக்கொம்பில் உபரியாகத் திறந்துவிடப்பட்டு வந்து சேரும்.

என்னென்ன வேண்டும்

நண்பன் இணையத்தில் பார்த்துச் சுருள் வைத்த தூண்டில் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதை வண்டியிலேயே வைக்கச் சொன்னேன். பழகுவதற்கு எட்டடி, பத்தடி நீளத்தில் நுனி மெலிந்த மூங்கில் கழி ஒன்று போதும். கெட்டியான கல்மூங்கிலாக இருந்தால் ரொம்ப நல்லது. நரம்பு, அதாவது முள்ளைக் கட்டும் நைலான் இழை, கால் மில்லிமீட்டர் தடிமனில் எடுங்கள். நீளம் கழியின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முள் கைக்குத் திரும்பி வராது, லுங்கிக்குத்தான் போகும்.

முள்ளில் ஒரு குழப்பம் உண்டு. எண் ஏற ஏற முள் சின்னதாகும். கடையில் 10 அல்லது 12ஆம் எண் கேளுங்கள். "பெரிய முள்ளுல பெரிய மீன் வரும்ல?" என்றான் இவன். ஜிலேபிக் கெண்டைக்கு வாய் சின்னது. பெரிய முள்ளைப் போட்டால் இரையைச் சுற்றிலும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டை ஒரு சாண் நறுக்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் சோளத்தட்டை, நெட்டி, பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, எதுவானாலும் சரி. ஈயக்குண்டு மிளகளவில் ஒன்று. சுருள் இல்லாவிட்டால் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டாது.

முடிச்சு

நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து நாலு விரற்கடை வெளியே எடுங்கள். அந்த நுனியை மேலே போகும் நரம்பின் மீதே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் நிற்கும், அதற்குள் நுனியை விட்டு எடுங்கள். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசிச் சூடேறி, அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். இறுக்கியதும் மிச்சத்தை நறுக்கிவிட்டு, முள்ளை எதிலாவது மாட்டி ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு. அதைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள், குறடால் அழுத்துங்கள். ஈயம் வாய்க்குள் போகக் கூடாது. அதற்கு மேலே தக்கை.

இரை

மண்புழுவுக்குத் தோட்டக் குழாயடி, வாழைமரத்தடி, எருக்குவியல் ஓரம். மண்ணோடு கொட்டாங்கச்சியில் போட்டு நிழலில் வையுங்கள். முழுப் புழுவையும் மாட்ட வேண்டாம். பாதியைக் கிள்ளி, முள்ளின் வளைவை மூடும்படி ஏற்றி, வாலில் கொஞ்சம் மட்டும் நெளியவிடுங்கள். புழுவைத் தொடக் கூசுகிறவர்கள் கோதுமை மாவில் கடலைப் புண்ணாக்குத் தூள் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையலாம். அதில் துளி பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. உருண்டை பட்டாணி அளவைத் தாண்ட வேண்டாம்.

தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து இரண்டு உருண்டை பிடித்து, தூண்டில் விழும் இடத்தில் முதலிலேயே போட்டுவிடுங்கள். இரண்டு போதும். நண்பன் உற்சாகத்தில் பாதிப் பையைக் கொட்டிவிட்டான். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, மீன் புடிக்க வந்தீங்களா, டிபன் போட வந்தீங்களா?"

ஆழம்

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விட வேண்டும் என்பதைத் தக்கையே சொல்லும். தண்ணீரில் போட்டதும் தக்கை படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தக்கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நிமிர்ந்து நின்றால் இரை தொங்குகிறது. படுக்கும், நிமிரும் என்கிற அந்த எல்லையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சாணும் நாலு விரற்கடையும் குறைத்து வைத்தால் முள் தரைக்குச் சற்று மேலே நிற்கும். ஜிலேபிக்கு அது சரியான இடம். கெளுத்தி வேண்டுமானால் இரை தரையிலேயே கிடக்கட்டும்.

தக்கையைப் படிப்பது

சரி, இனி உட்கார வேண்டியதுதான். நிழல் தண்ணீரில் விழாதபடி உட்காருங்கள். பேசலாம், தரையில் தொம் தொம்மென்று நடக்காதீர்கள்.

தக்கை டிக், டிக் என்று துள்ளினால் ஜிலேபியோ பொடிக் கெண்டையோ முகர்ந்து பார்க்கிறது. அப்போது இழுக்காதீர்கள். நண்பன் அன்றைக்குப் பதினோரு தடவை இந்த இடத்தில்தான் இழுத்தான், பதினோரு தடவையும் வெறும் முள் வந்தது. துள்ளல் நின்று, தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும் பாருங்கள், அப்போதுதான் நேரம். மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும், கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி வேண்டாம். கெளுத்திக்கு இந்த முன்னுரை எல்லாம் கிடையாது, நேராகக் கீழே இழுக்கும். தரையில் கிடக்கும் இரையைக் கெண்டை தூக்கினால், நின்ற தக்கை மேலே எழும்பிப் படுத்துவிடும். தக்கை ரொம்ப மெதுவாக, சோம்பேறித்தனமாக நகர்ந்தால் அது நண்டு. இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கடி குறையும். நாங்கள் அந்த நேரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம்.

மாட்டிய பிறகு

ஜிலேபியின் முதுகு முள் குத்தும். தலையிலிருந்து வால் பக்கமாகக் கையைத் தடவிக்கொண்டு போய்ப் பிடித்தால் முள் மடங்கிவிடும். அதன் வாய்க்குள் முட்டையோ பொடிக் குஞ்சுகளோ இருந்தால் அது அடைகாக்கும் தாய், திருப்பி விட்டுவிடுங்கள். 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன் இன்று எல்லா ஆற்றிலும் பெருகிக் கிடக்கிறது. விடாவிட்டாலும் குறைந்துவிடாது. ஆனால் எனக்கு மனசு வராது.

கெளுத்தியை வெறுங்கையால் தொடாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். குத்தினால் மணிக்கணக்கில் கடுகடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் விரலை வைத்திருந்தால் வலி தணியும். ஈரத் துண்டால் அமுக்கிப் பிடித்துத்தான் முள்ளைக் கழற்ற வேண்டும். தூண்டில் முள்ளே விரலில் ஏறிவிட்டால் பிடுங்க முயலாதீர்கள். முனைக்குக் கீழே பின்பக்கம் பார்த்த கூர் ஒன்று இருக்கிறது, சதையைக் கிழித்துவிடும். நரம்பை அறுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய் எடுத்து, டிடி ஊசியும் (தனுர்வாதத் தடுப்பூசி) போட்டுக்கொள்ளுங்கள். லுங்கியாக இருந்தால் கத்தரிக்கோல் போதும்.

கிளம்பும்போது அறுந்த நரம்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். கொக்கு, மடையான் காலில் சுற்றிக்கொள்ளும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தூக்குவாளியில் நாலு ஜிலேபியும் ஒரு கெளுத்தியும் இருந்தன. அந்தக் கெளுத்தி நண்பனுடையது. கெளுத்திக்கு முதலில் மூன்று முள்ளையும் ஒடித்துவிட்டு, வழுவழுப்புப் போகச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். ஜிலேபியைச் செதில் சுரண்டிக் கல்லுப்பும் புளியும் வைத்து உரசி, அரிசி கழுவிய தண்ணீரில் அலசினால் சேற்று வாடை போகும். அவன் வீட்டில்தான் குழம்பு வைத்தோம். மீன் ஐந்து, ஆள் ஆறு. அவன் அம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாங்காயை நறுக்கிப் போட்டார்.