கடலடிப் படிவுகள்: நாம் தடுக்கி விழும் இடங்கள்

கடலடி என்றாலே மணல் என்று நினைப்பதில் முதல் தவறு தொடங்குகிறது. கரையில் காலில் ஒட்டும் மணல் அப்படியே நடுக்கடல் வரை போவதில்லை, ஆழ்கடலில் பெரும்பாலும் கிடப்பது மாவாய் நைந்த சேறும் களியும்தான்.

சரி, ஆற்று வண்டல் கரையோரத்தோடு நின்றுவிடும் என்கிறார்களே? அதையும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்துக் கொண்டுவந்த மண், சேறும் நீரும் கலந்த கனத்த வெள்ளமாக வங்காள விரிகுடாவின் அடியில் சரிந்து இறங்கி, சென்னைக்கு நேர் கிழக்கே உள்ள ஆழத்தையும் இலங்கையையும் கடந்து, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கு வரை சுமார் 3000 கிலோமீட்டருக்கு விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மலைப்புதான்.

மெத்தென்று இருக்கும் சேற்றையெல்லாம் 'ஊஸ்' என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நுண்ணுயிர்களின் ஓடுகள் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர்.

அதிகம் பேர் குழம்புவது ஆழத்தில்தான். மேலே வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடெல்லாம் கீழேதானே விழும், அப்படியானால் பள்ளத்தில்தானே நிறையச் சேர வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஃபோராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிர் போன்றவற்றின் ஓடு சுண்ணாம்பு. ஆழம் கூடக்கூடக் குளிரும் அழுத்தமும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். பசிபிக்கில் சுமார் 4500 மீட்டருக்கும், அட்லாண்டிக்கில் சுமார் 5000 மீட்டருக்கும் கீழே சுண்ணாம்பு அநேகமாக மிஞ்சாது. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலை ஒரு தட்டில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். சிப்பித் துண்டுகள் மேல் மட்டும் பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பும், பக்கத்திலுள்ள மணல் சும்மா கிடக்கும். ஆழ்கடலில் இதே கரைதல்தான் மிக மெதுவாக நடக்கிறது.

இந்த ஆழக் கணக்கை டயாட்டம், ரேடியோலேரியா என்னும் வேறு நுண்ணுயிர்களின் ஓடுகளுக்குப் போடக்கூடாது. அவை சிலிக்கா, எல்லா ஆழத்திலும் கரையும். கரைவதைவிட வேகமாக விழும் இடத்தில், அதாவது அண்டார்க்டிகாவைச் சுற்றியும் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும், தேங்கி நிற்கும். அங்கே மேல்நீர் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்புறம் மாங்கனீசு முடிச்சு, அதாவது ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோகக் கட்டி. ஆறு உருட்டி வந்த கல் இல்லை அது. சுறாப் பல் ஒன்றைச் சுற்றிக்கூட, நீரில் கரைந்திருந்த உலோகம் 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகப் படிந்து வளர்ந்தது.

கடைசியாக, தடிமனைப் பார்த்து வயது சொல்வது. ஆழ்கடலில் படியும் செந்நிறக் களியான செங்களி 1000 ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. பத்து சென்டிமீட்டர் செங்களிக்கு ஒரு லட்சம் ஆண்டு போயிருக்கும்; அதே பத்து சென்டிமீட்டரை ஒரு சேற்று வெள்ளம் சில நாளில் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம்.