குளம் எத்தனை தடவை? தமிழ்க் கோப்பில் சொல் எண்ணும் பைதன் நிரல்

கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஏழெட்டு வரிப் பைதன் நிரல் போதும். சிக்கல் முழுக்கத் தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது.

பைதனை நிறுவும்போது முதல் திரையின் அடியிலுள்ள ‘பாத்’ பெட்டியில் சரி போட மறக்கவேண்டாம். பிறகு நோட்பேட்டில் இந்த இரண்டு வரியைத் தட்டுங்கள்:

இரணைமடுக் குளம் நிரம்பிவிட்டது. குளம் வான் பாய்கிறது.
முத்தையன்கட்டுக் குளம், வவுனிக்குளம் இரண்டும் பரவாயில்லை, குளத்தைத் திறக்கலாம்.

சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்தைக் கணினி பதியும் முறை) யூடிஎஃப்-8 ஆக இருக்கவேண்டும். ஆன்ஸி என்று சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அதை மீட்க வழியில்லை. நிரலையும் இதே ஃபோல்டரில் வையுங்கள். கோப்பைக் காணோம் என்று பிழை வருவதற்கு அநேகமாக இடம் மாறியதுதான் காரணம்.

இனி நிரல். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம், தட்டுவது ஆங்கில எழுத்தில். ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியிலிருந்து ‘கவுண்டர்’ஐ இம்போர்ட் செய்யுங்கள் (முதலெழுத்து பெரியது). ‘யூனிகோட்டேட்டா’வும் வேண்டும். அடுத்து ‘ஓப்பன்’ கொடுத்துக் கோப்பைத் திறந்து ‘ரீட்’ செய்யுங்கள். என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுப்பது நல்லது. 2019க்கு முந்திய நோட்பேட், யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைப் போடும். அதை நீக்காவிட்டால் முதற்சொல் தனியாக எண்ணப்படும். என்கோடிங்கே கொடுக்காமல் விட்டால் விண்டோஸில் பிழையோ குப்பையோ வரலாம்.

படித்த உரையை ‘யூனிகோட்டேட்டா’வின் ‘நார்மலைஸ்’ மூலம் ‘என்எஃப்சி’ என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றுங்கள். கொக்கிளாய் என்பதில் ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறியாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொல். ஆனால் கௌதாரியின் ‘கௌ’வைக் கொம்பும் ‘ள’வுமாகத் தட்டியிருந்தால் என்எஃப்சி தொடாது. எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்று கைவைத்தால் ‘கெளிறு’ என்ற மீன்பெயர் கெட்டுப்போகும். அதைக் கண்ணால் பார்த்தே திருத்தவேண்டும்.

இப்போது ‘ஸ்ப்ளிட்’ கொடுத்து இடைவெளியில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் இரு ஓரத்திலும் உள்ள நிறுத்தக்குறிகளை ‘ஸ்ட்ரிப்’ கொண்டு உரியுங்கள், வெறுமையான துண்டுகளை விடுங்கள். மிச்சத்தைக் ‘கவுண்டர்’இடம் கொடுத்து ‘மோஸ்ட்_கொமன்’ 20 கேட்டு ‘பிரிண்ட்’ செய்தால் பட்டியல் வரும்.

மேலே உள்ள வரிகளுக்கு ‘குளம்’ 3 வரவேண்டும். 2 வந்தால் ‘ஸ்ட்ரிப்’ வேலை செய்யவில்லை; காற்புள்ளியோடு ஒட்டிய ‘குளம்,’ தனியே நிற்கும்.

இணையத்தில் பல விளக்கங்கள் ரெஜெக்ஸின் (எழுத்துக் கோலத்தைத் தேடும் முறை) ‘\’ சாய்கோட்டுடன் ‘டபிள்யூ’ போட்டுச் சொல் பிரிக்கச் சொல்லும். தமிழுக்கு அது உதவாது. பைதனின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுதி உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ‘குளம்’ உடைந்து ‘க’, ‘ளம’ என்று வரும், வன்னி ‘வன’, ‘ன’ ஆகிவிடும்.

பழைய கோப்புகள் பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. ‘ஸ்ட்ரிப்’ அதையும் குறி என்று உரித்துவிடும்.

‘குளத்தைத்’, ‘குளத்தை’ இரண்டும் வேறு சொல்லாகவே எண்ணப்படும், வவுனிக்குளமும் ‘குளம்’ கணக்கில் சேராது. நிரலுக்கு இலக்கணம் தெரியாது. வேர்ச்சொல் கணக்கு வேண்டுமென்றால், வந்த பட்டியலில் ‘குள’ என்று தொடங்குபவற்றை ‘ஸ்டார்ட்ஸ்வித்’ கொண்டு கூட்டலாம், ‘குளவி’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.